தாட்சர் கட்சியை மாற்றினாரா, காலம் மாற்றியதா?

தம்பி, புது நத்தம் ரோட்டு நூலகத்தில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும்போது எழுந்த சந்தேகம் என்று நீங்கள் கேட்டது இதுதான்: 1979-ல் பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சர் வந்ததால் அந்நாட்டின் கன்சர்வேட்டிவ் (பழமைவாத) கட்சி மாறியதா, காலம் மாறியதால் தாட்சர் வந்தாரா? ஒரே ஒரு தலைவரின் கொள்கை ஒரு நாட்டின் பழமைவாத அரசியலைப் புரட்டிப்போட முடியுமா? அப்படிப் புரண்டுவிட்டது என்று அது நடக்கிற காலத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல கேள்விகள். பல வருடம் அரசியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பாதியில் மதுரைக்கும் வருவேன், ஏனென்றால் இந்த விஷயம் நம் கோயில் வாசலிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது.

முடியும் என்பதுதான் என் பதில். பழமைவாதி என்பவர் எதையோ ஒன்றைக் காப்பாற்ற நினைப்பவர். எதை? கோயிலையா, நிலத்தையா, அரச குடும்பத்தையா, குடும்ப ஒழுக்கத்தையா, சந்தையையா, தேசத்தையா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது; ஒன்றைக் காக்க இன்னொன்றைக் கைவிட வேண்டிவரும். அந்த வரிசையை மாற்றி எழுதி, 'நம் முன்னோர் காத்ததும் இதைத்தான்' என்று சொந்தக் கட்சிக்காரர்களையே ஒப்புக்கொள்ள வைக்கிறவர்தான் பழமைவாத அரசியலை மாற்றுகிறார். புரட்சிக்காரர் 'பழையதை விடுங்கள்' என்பார். இவர் 'உண்மையான பழையது இது' என்பார். இரண்டாவதுதான் கடினமான வேலை.

தாட்சருக்கு முன்னால் அந்தக் கட்சி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். 1945-ல் எதிர்த்தரப்பான லேபர் (தொழிலாளர்) கட்சி ஜெயித்து, 1948-ல் இலவச மருத்துவச் சேவையைக் கொண்டுவந்தது. ரயில், நிலக்கரி எல்லாம் அரசுடைமை ஆயின. 1951-ல் கன்சர்வேட்டிவ்கள் திரும்ப வந்தபோது இதில் பெரும்பகுதியைத் தொடவில்லை. வீட்டுவசதி அமைச்சராக இருந்த ஹரால்ட் மேக்மில்லன் வருடத்துக்கு மூன்று லட்சம் வீடு கட்டுவதாகச் சொல்லிக் கட்டியும் காட்டினார். அவற்றில் பெரும்பாலானவை நகராட்சிகள் ஏழைகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகள். பணக்காரனும் ஏழையும் இரண்டு தேசமாகப் பிரிந்துவிடக் கூடாது, அதைத் தடுப்பதுதான் ஆளும் வர்க்கத்தின் கடமை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதமர் டிஸ்ரேலி காலத்திலிருந்து அந்தக் கட்சியில் இருந்த ஒரு நம்பிக்கை. அவர்கள் காக்க நினைத்தது சமூக அமைதியை. அதற்கு அரசு செலவழித்தாலும், தொழிற்சங்கத்தோடு சமரசம் செய்தாலும் பரவாயில்லை என்று இருந்தார்கள்.

இந்த ஏற்பாடு 1970-களில் ஆட்டம் கண்டது. 1975-ல் விலைவாசி உயர்வு 24 விழுக்காட்டைத் தாண்டியது. அடுத்த வருடம் பிரிட்டன் சர்வதேச நாணய நிதியத்திடம் கடனுக்குப் போய் நின்றது. செலவு செய்தே மந்தநிலையிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்ற காலம் முடிந்துவிட்டது என்று அந்த ஆண்டு தன் கட்சி மாநாட்டில் சொன்னவர் யார் தெரியுமா? லேபர் பிரதமர் ஜேம்ஸ் காலஹான். தாட்சர் ஆட்சிக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பு! ஆகவே காலம் மாறியது உண்மை.

ஆனால் காலம் மட்டும் போதாது என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. தாட்சருக்கு முன் கட்சித் தலைவராக இருந்த எட்வர்ட் ஹீத், அரசின் கை குறையட்டும், சந்தை தீர்மானிக்கட்டும் என்ற ஏறக்குறைய அதே கொள்கைகளைச் சொல்லித்தான் 1970-ல் பிரதமரானார். வேலையின்மை ஏறியதும் 1972-ல் பின்வாங்கிவிட்டார். நிலக்கரித் தொழிலாளர் போராட்டத்தால் மின்சாரம் மிச்சப்படுத்த 1974 தொடக்கத்தில் தொழிற்சாலைகள் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே ஓடின. 'நாட்டை ஆள்வது யார்?' என்று கேட்டுத் தேர்தலுக்குப் போனார்; ஆட்சி போனது. அதே கட்சி, அதே நெருக்கடி, கிட்டத்தட்ட அதே தேர்தல் அறிக்கை. மாறியிருந்தது தலைவரின் உள்ளே இருந்த உறுதிதான்.

தாட்சர் தலைவரானதில் தற்செயலும் உண்டு. சந்தைக் கொள்கை அணியின் சிந்தனையாளர் கீத் ஜோசப்தான் தலைவர் தேர்தலில் முதலில் நிற்பதாக இருந்தது. 1974 இறுதியில் அவர் பேசிய ஒரு பேச்சு பெரும் சர்ச்சையாகி விலகிக்கொண்டார். அந்த அணியில் வேறு யாரும் துணியாததால் தாட்சர் நின்றார். 1975 பிப்ரவரியில் முதல் சுற்றில் 130 ஓட்டு வாங்கி 119 வாங்கிய ஹீத்தை முந்தினார். அவருக்கு ஓட்டுப் போட்ட எம்.பி.க்களில் பலர் கொள்கைக்காகப் போடவில்லை, ஹீத் மீதிருந்த வெறுப்பில் போட்டார்கள். அடுத்த பத்து வருடத்தில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருந்தால் அவர்களில் பாதிப் பேராவது யோசித்திருப்பார்கள்.

அவருடைய கொள்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும் ஹாயக், ஃபிரீட்மன் என்று பொருளியல் அறிஞர்களைக் காட்டுவார்கள். அவர்களை அவர் படித்தார், மதித்தார். ஆனால் வேர் அதற்கும் கீழே. கிரந்தம் என்ற சின்ன ஊரில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். குடும்பம் கடைக்கு மேலேயே குடியிருந்தது. அப்பா மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்வார், நகராட்சி மன்ற உறுப்பினரும் கூட. கடனில்லாமல் இருப்பது, கணக்கைச் சரியாக வைப்பது, உழைக்காமல் வாங்குவதை அவமானமாக நினைப்பது, இதெல்லாம் அந்த வீட்டில் பக்தியோடு சேர்ந்தே வந்தது. நம் கீழமாசி வீதியில் மூன்று தலைமுறையாக மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் போய்ப் பேசிப் பாருங்கள். தாட்சரின் பொருளாதாரத்தில் முக்கால்வாசியை அவர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமலே சொல்வார்கள். கட்சியை அதுவரை நடத்தியவர்களில் பெரும்பாலோர் நிலப்பிரபுக்கள், பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஈட்டன் பள்ளியில் படித்தவர்கள். கடைக்காரரின் ஒழுக்கத்தைக் கட்சியின் ஒழுக்கமாக மாற்றியதுதான் தாட்சர் செய்த காரியத்தின் சாரம் என்று நான் நினைக்கிறேன்.

1979 மே தேர்தலில் 43 இடப் பெரும்பான்மையோடு வந்தார். முதல் இரண்டு வருடம் படுமோசம். 1981-ல் 364 பொருளியல் அறிஞர்கள் சேர்ந்து அவருடைய கொள்கை தவறு என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். 1982-ல் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். சொந்த அமைச்சரவையிலேயே பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். 'வேண்டுமானால் நீங்கள் திரும்புங்கள், நான் திரும்ப மாட்டேன்' என்று 1980 கட்சி மாநாட்டில் சொல்லியிருந்தார். ஹீத் திரும்பினாரே, அதைக் குத்திக்காட்டித்தான். அப்புறம் 1982-ல் அர்ஜென்டினாவோடு ஃபாக்லாந்து போர் வந்தது, ஜெயித்தார். எதிர்க்கட்சி ஏற்கெனவே இரண்டாக உடைந்திருந்தது. 1983 தேர்தலில் பெரும்பான்மை 144. போர் வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. நான் முக்கியமாக நினைப்பது வீட்டு விஷயம்.

1980-ல் ஒரு சட்டம் வந்தது. நகராட்சி வீட்டில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தவர் அந்த வீட்டைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். சந்தை விலையில் 33 விழுக்காடு தள்ளுபடி. அதிக காலம் இருந்தால் தள்ளுபடியும் கூடும், 50 விழுக்காடு வரை. ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். எல்லா வீட்டுக் கதவும் நகராட்சி அடித்த ஒரே நிறத்தில் இருக்கும். வாங்கியவர் முதலில் செய்வது கதவை மாற்றுவது, அல்லது வேறு வண்ணம் அடிப்பது. தெருவில் நடந்து போனாலே யார் வாங்கினார், யார் வாங்கவில்லை என்று தெரியும். அப்பா, தாத்தா காலத்திலிருந்து லேபர் கட்சிக்கே ஓட்டுப் போட்ட ஃபோர்டு தொழிற்சாலைத் தொழிலாளி, தன் வீட்டுக் கடனைக் கட்டத் தொடங்கியதும் வட்டி விகிதத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். 'அந்த வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்' என்று எந்தக் கட்சியும் அவரிடம் போய்ச் சொல்ல முடியாது. பத்து வருடத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிக் கைமாறின. மேக்மில்லன் கட்டியதைத் தாட்சர் விற்றார். இரண்டு பேரும் ஒரே கட்சி, இரண்டு பேரும் பழமைவாதிகள். முன்னவர் காத்தது சமூக அமைதியை, பின்னவர் காத்தது தனிச் சொத்தை.

ஒரு கொள்கை மேடையில் இருக்கும்வரை யாரும் அதை எதிர்த்துப் பேசலாம். அது வீட்டுக் கதவாக ஆகிவிட்டால் எதிர்ப்பவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். தொலைபேசி நிறுவனத்தை 1984-லும் எரிவாயு நிறுவனத்தை 1986-லும் சாதாரண மக்களுக்குப் பங்குகளாக விற்றதும் இதே கணக்கில்தான். குடும்பத்துப் பழைய வெள்ளியை விற்கிறார்கள் என்ற பொருளில் முதுமையில் மேக்மில்லன் வருத்தப்பட்டுப் பேசினார். கட்சி கேட்கவில்லை.

தொழிற்சங்கங்களோடு நடந்த மோதலை விரிக்கப்போவதில்லை. மதுரா கோட்ஸ் ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த ஊருக்குச் சங்கம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 1981-ல் நிலக்கரித் தொழிலாளர்கள் மிரட்டியபோது தாட்சர் பணிந்துபோனார். அப்போது அரசிடம் போதிய கரி இருப்பு இல்லை. அதன்பின் மின் நிலையங்களில் கரியைக் குவித்து வைத்துக்கொண்டு, 1984 மார்ச்சில் தொடங்கிய போராட்டத்தை ஒரு வருடம் தாக்குப்பிடித்தார். பிடிவாதம் என்று எல்லோரும் சொல்வதில் இந்தக் காத்திருப்பும் சேர்த்தி. தோற்ற தொழிலாளர்களின் ஊர்கள் பட்ட பாடு மிகப் பெரியது. யார்க்‌ஷயரிலும் தெற்கு வேல்ஸிலும் சுரங்கம் மூடிய பிறகு வேறு வேலையே இல்லாமல் போன கிராமங்களுக்கு எந்தத் தள்ளுபடியும் கிடைக்கவில்லை. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புது நகராட்சி வீடுகளைக் கட்டாததால் இன்று அங்கே ஏழைகளுக்கு வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. தாட்சரின் திறமையை வியக்கும் நான் இதை மன்னிக்கத் தயாராக இல்லை. ஒரு கொள்கை வென்றது என்பதற்கும் அது எல்லோருக்கும் நல்லது செய்தது என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைத் தேர்வு விடைத்தாளில் மறந்துவிடாதீர்கள்.

சரி, மதுரைக்கு வருவோம். 'உண்மையான பழையது இது' என்று சொல்லிப் பழமைவாதிகளின் வரிசையை மாற்றும் வேலையை நம் ஊரில் பார்க்க வேண்டுமானால் 1939-ஐப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வழக்கு. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். மதுரை சப் கோர்ட்டில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் போய், 1908-ல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை எல்லா இடத்திலும் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராகவே வந்தது. காரணம், வழக்கம். காலங்காலமாக நுழையாதவர்கள் இப்போதும் நுழையக் கூடாது. பழமை என்றால் அன்று நீதிமன்றத்துக்கே அதுதான் பொருள்.

31 வருடம் கழித்து, 1939 ஜூலை 8 காலையில், மதுரை வக்கீல் ஏ. வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு போனார். ஐந்து பேர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியைச் சேர்ந்த, பின்னாளில் மாநில அமைச்சரான கக்கன் அவர்களில் ஒருவர். ஆறாமவர் ஒரு நாடார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, வரவேற்றார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் வெளிப்படையாக ஆதரவு தந்தார். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள். மீனாட்சி கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி, வெளியே தனியிடத்தில் வழிபாடு நடத்தினார்கள்; வழக்கும் போட்டார்கள்.

வைத்தியநாத ஐயர் பக்திமான். ஆசாரத்தைக் கைவிட்டவர் இல்லை. அவர் கோயிலை இடிக்கச் சொல்லவில்லை, சாமியைக் கேள்வி கேட்கவில்லை. இந்து மதம் பிழைக்க வேண்டுமானால் அதன் கதவு திறக்க வேண்டும், காக்க வேண்டியது கோயிலை, தீட்டை அல்ல என்றார். வெளியே சுயமரியாதை இயக்கம் வேறொரு பக்கத்திலிருந்து இடித்துக்கொண்டிருந்தது. அந்த அழுத்தம் இல்லாமல் உள்ளே இருந்தவர்கள் இவ்வளவு வேகமாக நகர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் சனாதனிகளின் பிடியை உடைக்க அவர்களைப் போலவே பூசை செய்கிற ஒருவர் தேவைப்பட்டார்.

இதில் ராஜாஜியின் பங்கைக் கவனியுங்கள். அப்போது சென்னை மாகாணப் பிரதமர் அவர்தான். 1938-ல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தபோது ராஜாஜி அதை ஏற்கவில்லை. மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் போதும் என்று நிறுத்திக்கொண்டார். மதுரையில் காரியம் நடந்து முடிந்த பிறகு, உள்ளே போனவர்கள் மீதும் அனுமதித்த அதிகாரிகள் மீதும் வழக்குப் பாயாமல் அவசரச் சட்டம் வந்தது. அதே வருடம் ஆலய நுழைவுச் சட்டமும் வந்தது. அதிலும் ஜாக்கிரதைதான்: வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர்கள் கருதினால் அரசு ஒப்புதலோடு திறக்கலாம். முழு உரிமை 1947 சட்டத்தில்தான் வந்தது. உங்கள் முதல் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. பெரிய தலைவர் பல நேரம் முதலில் நடப்பவர் இல்லை. களத்தில் ஒருவர் துணிந்து நடந்த பிறகு, அதைச் சட்டமாகவும் கட்சியின் நிலையாகவும் ஆக்குகிறவர். 1946 பிப்ரவரியில் காந்தி மதுரை வந்து அந்தக் கோயிலுக்குள் போனபோது, 'வழக்கம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேச அரசியலில் மிச்சமிருந்தவர்கள் மிகச் சிலர்.

அதே ராஜாஜி இருபது வருடம் கழித்து இன்னும் பெரிய முயற்சியில் இறங்கினார். அதில் தோற்றார். அந்தத் தோல்வியையும் படிக்க வேண்டும். 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அந்த வருடமே ராஜாஜி, தன் எண்பதாவது வயதில், என்.ஜி. ரங்கா, மினூ மசானி முதலியவர்களோடு சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். எந்தத் தொழிலுக்கும் அரசின் அனுமதிக்குக் கைகட்டி நிற்க வைக்கும் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்ஜியம் ஒழிய வேண்டும் என்றார். தாட்சருக்கு இருபது வருடம் முன்பே! 1967-ல் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்தது. தமிழ்நாட்டில் திமுக கூட்டணியில் நின்று சட்டமன்றத்தில் 20 இடம். அதே கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. மதுரை மக்களவைத் தொகுதியில் பி. ராமமூர்த்தி ஜெயித்தார். தனியுடைமைக்காகக் கட்சி தொடங்கிய ராஜாஜியும் ஆலைத் தொழிலாளர் தலைவர் ராமமூர்த்தியும் காங்கிரசை வீழ்த்த ஒரே பக்கம் நின்ற தேர்தல் அது.

1971-ல் 8 இடமாகச் சுருங்கியது. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சியே வேறொரு கட்சியில் கரைந்தது. கொள்கையில் குறையில்லை; 1991 ஜூலையில் மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தபோது ராஜாஜி சொன்னதில் பாதி காங்கிரஸ் கையாலேயே நடந்தது. பிறகு ஏன் கட்சி பிழைக்கவில்லை? அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் முன்னாள் மகாராஜாக்கள், பெரிய நிலக்காரர்கள், சில தொழிலதிபர்கள். அவர்களுக்கு வேண்டியது தங்கள் சொத்துக்குப் பாதுகாப்பு. போட்டி நிறைந்த சந்தையை அவர்களில் பலர் விரும்பவில்லை. லைசென்ஸால் லாபம் பார்த்த தொழிலதிபர்கள் அதை ஒழிக்க ஏன் செலவு செய்யப்போகிறார்கள்? மேலூரில் ஒரு குத்தகை விவசாயிக்கோ, செல்லூரில் ஒரு கைத்தறி நெசவாளிக்கோ, 'இந்தக் கொள்கை வந்தால் என் வீட்டுக்கு இது வரும்' என்று காட்ட ராஜாஜியிடம் எதுவும் இல்லை. தாட்சரிடம் வீட்டுக் கதவு இருந்தது. ராஜாஜியிடம் தெளிவான கட்டுரைகள் இருந்தன.

அதே 1967-ல் பாரதிய ஜனசங்கம் 35 இடம்தான் வாங்கியது, சுதந்திராவைவிடக் குறைவு. ஆனால் அதன் பின்னால் ஆர்.எஸ்.எஸ். என்ற, தேர்தலைச் சாராத அமைப்பு இருந்தது. 1980-ல் பாரதிய ஜனதாவாக மறுபிறவி எடுத்தபோது வாஜ்பாய் தலைமையில் 'காந்திய சோசலிசம்' என்றார்கள். 1984-ல் இரண்டே இடம். 1986-ல் அத்வானி தலைவரானார். 1989-ல் பாலம்பூர் தீர்மானத்தில் அயோத்திக் கோரிக்கையைக் கட்சி ஏற்றது, 1990-ல் சோமநாதபுரத்திலிருந்து ரத யாத்திரை கிளம்பியது. 1991-ல் 120 இடம். இந்தியாவில் பழமைவாத அரசியல் என்றால் தனிச் சொத்தும் சுதந்திரச் சந்தையும் என்று ஆகியிருக்கலாம். மதமும் தேசிய அடையாளமும் என்று ஆனது. அந்தத் திருப்பத்தில் அத்வானியின் பங்கு பெரியது, அதன் பலன் முழுதாகக் கிடைத்தது 2014-ல் மோடிக்கு. மதுரைக் கோயில் கதவைத் திறக்க மதத்தைப் பயன்படுத்திய பழமைவாதத்துக்கும், பிறரை வெளியே நிறுத்த அதைப் பயன்படுத்தும் பழமைவாதத்துக்கும் உள்ள வேறுபாடு எனக்கு மிக முக்கியம். முதலாவது பக்கம்தான் நான் என்பதை மறைக்கப்போவதில்லை.

மறுபடி தாட்சர். அவர் விதைத்ததில் ஒன்று அவர் கட்சியையே பிளந்தது. 1975 வாக்கெடுப்பில் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) பிரிட்டன் நீடிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தவர் அவர். ஐரோப்பிய நாடுகளின் கொடிகள் பின்னிய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படமெல்லாம் எடுத்துக்கொண்டார். 1986-ல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தைக்கான ஒப்பந்தத்தையும் ஏற்றார். ஆனால் 1988 செப்டம்பரில் புரூஜ் நகரில், நாங்கள் இங்கே சுருக்கிய அரசை நீங்கள் ஐரோப்பியத் தலைமையகமான பிரஸ்ஸல்ஸிலிருந்து திரும்பக் கொண்டுவருவதா என்ற பொருளில் ஒரு பேச்சு பேசினார். சந்தையும் தேசமும் அவர் மனதில் ஒன்றாகத்தான் இருந்தன. அன்று தேசம் முன்னால் வந்தது. 1990-ல் ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரி விவகாரத்தில் தெருக்கலவரம், ஐரோப்பா விவகாரத்தில் மூத்த அமைச்சர் ஜெஃப்ரி ஹோவின் ராஜினாமா, அந்த நவம்பரிலேயே அவர் பதவி போனது. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த தலைமுறைதான் 2016 வாக்கெடுப்பில் 52 விழுக்காட்டோடு நாட்டை ஐரோப்பாவை விட்டு வெளியே கொண்டுவந்தது. 2019-ல் தாட்சர் காலத்தில் சுரங்கம் மூடிய பிளைத் வேலி போன்ற தொகுதிகளே கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓட்டுப் போட்டன, அதுவும் அரசு தாராளமாகச் செலவழிக்கும் என்ற வாக்குறுதிக்கு! கடைக்காரரின் கணக்குப் புத்தகம் போய்விட்டது, தேசம் மட்டும் நின்றது. 2024-ல் கட்சி 121 இடமாகச் சுருங்கியது. அந்தத் தேசத்தை இன்னும் உரக்கச் சொல்லும் வேறொரு கட்சி பக்கத்தில் வந்து நிற்கிறது. தலைவர் எழுதிய வரிசையை அடுத்து வருபவர்கள் தங்களுக்கு வேண்டியபடி வெட்டி எடுத்துக்கொள்வார்கள், அவரால் தடுக்க முடியாது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, நடக்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது. கட்சியைப் பார்க்காதீர்கள், எதிர்க்கட்சியைப் பாருங்கள். லேபர் கட்சி 1983-ல் தாட்சர் செய்ததை எல்லாம் ரத்து செய்வோம் என்றது. 1987-க்குள் வீட்டு விற்பனைக்கான எதிர்ப்பைக் கைவிட்டது. 1995-ல் டோனி பிளேர், பொதுவுடைமையைக் குறிக்கோளாகச் சொன்ன கட்சி விதியையே மாற்றினார். 1997-ல் பெருவெற்றி பெற்று வந்தும் விற்ற நிறுவனங்களைத் திரும்ப வாங்கவில்லை, தொழிற்சங்கச் சட்டங்களில் முக்கியமானவற்றை அப்படியே வைத்தார். அந்தத் தேர்தலில் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. கட்சி தோற்றது, கொள்கை ஜெயித்தது.

அமெரிக்காவிலும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். 1964 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் ஆறு மாநிலம் மட்டுமே வென்று படுதோல்வி அடைந்தார். அவருக்காகத் தொலைக்காட்சியில் பேசிய நடிகர் ரீகன் 1980-ல் அதே கொள்கையோடு அதிபரானார். அதன்பின் குடியரசுக் கட்சி என்றால் தடையற்ற வணிகம். கனடா, மெக்சிகோவுடனான வணிக ஒப்பந்தத்துக்கு 1993-ல் பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியைவிட அவர்கள்தான் அதிக ஓட்டுப் போட்டார்கள். ட்ரம்ப் வந்து அதைத் தலைகீழாக்கினார். 2018-ல் எஃகுக்கு 25 விழுக்காடு இறக்குமதி வரி, சீனப் பொருட்களுக்கு வரிசையாக வரி. கட்சியின் பழைய ஆட்கள் முணுமுணுத்து அடங்கினார்கள். 2020-ல் அவர் தோற்றார். அப்போதுதான் கவனிக்க வேண்டியது வந்தது: அடுத்து வந்த பைடன் சீனா மீதான அந்த வரிகளை நீக்கவில்லை, 2024-ல் சீன மின்சாரக் கார்களுக்கு அதை 100 விழுக்காடாக உயர்த்தினார். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விழுந்து திருப்பூர்க்காரர்கள் தவித்தபோது பலர் அதை ஒரு மனிதரின் கோபமாகப் பார்த்தார்கள். தடையற்ற வணிகம் என்ற பழைய நம்பிக்கையை இரண்டு கட்சிகளும் விட்டு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.